வெளியேற்ற சிமுலேஷனில் பீதிக்கு என்ன எண் கொடுப்பது?

நுண்கட்டம்

வணக்கம். இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்காக ஓர் அரங்கத்தின் அவசரகால வெளியேற்றத்தைக் கணினியில் எழுதி வருகிறேன். ஒரே தளம், 400 பேர், எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் அகலம். தரையை 40 செ.மீ. சதுரக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் ஒருவர்தான் நிற்கலாம். ஒரு படி 0.3 வினாடி. பர்ஸ்டெட்டே, ஷாட்ஷ்னைடர் முதலியோர் 2001-இல் வெளியிட்ட முறையைத்தான் பின்பற்றுகிறேன். கதவு எவ்வளவு தூரம் என்று சொல்லும் நிலையான புலம் ஒன்று, முன்னே போனவர்களின் தடத்தைச் சொல்லும் மாறும் புலம் ஒன்று.

400 பேரும் 92 வினாடிகளில் வெளியே வந்துவிடுகிறார்கள். என் வழிகாட்டி பார்த்துவிட்டு, "பீதியே இல்லையே, அதற்கு ஒரு மாறியைச் சேர்" என்கிறார். மாறும் புலத்தின் வலுவைக் கூட்டினால் எல்லாரும் ஒரே கதவை நோக்கி ஓடுகிறார்கள். திரையில் பார்க்கவும் எடுப்பாக இருக்கிறது. 0 முதல் 1 வரையிலான அளவில் 0.7 வைக்கலாமா, 0.9 வைக்கலாமா? அளந்து கண்ட மதிப்பு ஏதாவது இருக்கிறதா?

சமன்பாடு

பீதிக்கு எண் கொடுத்த புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. உங்கள் வழிகாட்டியின் மனத்தில் இருப்பதும் அநேகமாக அதுதான். டிர்க் ஹெல்பிங், ஃபர்காஷ், விச்செக் மூவரும் 2000-இல் நேச்சர் இதழில் எழுதியது. ஹெல்பிங்கும் மோல்னாரும் 1995-இல் முன்வைத்த சமூக விசை மாதிரியின் நீட்சி. ஒவ்வொருவரும் 80 கிலோ எடையுள்ள ஒரு வட்டு. போக நினைக்கும் திசையில் ஒரு விசை, அடுத்தவரை நெருங்கும்போது விலக்கும் விசை, உடல்கள் தொட்டுவிட்டால் அழுத்தமும் உராய்வும். 15 மீட்டருக்கு 15 மீட்டர் அறை, 200 பேர், 1 மீட்டர் கதவு.

முதல் பகுதியில் அவர்கள் மாற்றிப் பார்த்தது ஒவ்வொருவரும் போக விரும்பும் வேகத்தை மட்டுமே. வினாடிக்குச் சுமார் 1.5 மீட்டர் வரை வேகம் கூடக் கூட அறை சீக்கிரம் காலியாகிறது. அதற்கு மேல் போனால் கதவருகே உடல்கள் வளைவாகக் கோத்துக்கொண்டு அடைத்துவிடுகின்றன; வெளியேற்றம் தாமதமாகிறது. இந்த விளைவைப் பின்னர் ஸ்பெயின் ஆய்வாளர்கள் குறுகிய வாயில்களில் நேரடியாகவே சோதித்தார்கள். மனிதர்கள், கொட்டில் வாசலில் ஆடுகள், துளை வழியே மணிகள் என்று மூன்றிலும் 2015-இல் அதைக் காட்டினார்கள்.

உங்கள் 0 முதல் 1 வரையிலான எண் அதே கட்டுரையின் இன்னொரு பகுதியிலிருந்து வருகிறது. புகை மண்டிய அறை, கதவு கண்ணுக்குத் தெரியவில்லை. சொந்தமாகத் தேடுவதையும் அக்கம்பக்கத்தவர் போகும் திசையையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதே அந்த அளவுரு. அதற்குப் பீதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். 0 என்றால் தனித்தேடல், 1 என்றால் முழுக்கப் பின்தொடர்தல். இரண்டும் கலந்த இடைநிலையில்தான் அதிகம் பேர் தப்புகிறார்கள் என்பது முடிவு. யாரையும் அளந்து எடுத்த எண் அல்ல. 0-விலிருந்து 1 வரை நகர்த்திப் பார்த்த எண். ஆகவே 0.7 சரியா 0.9 சரியா என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரையில் விடை கிடைக்காது.

மனக்கணக்கு

எங்கும் கிடைக்காது. நான் படித்தது உளவியல், நிரல் எழுதத் தெரியாது. ஆனால் இந்தப் பீதி மாறியை ஒவ்வொரு செயல்திட்டத்திலும் பார்த்துச் சலித்துவிட்டது. ஆபத்து வந்ததும் மனிதர்கள் அறிவிழந்து ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நிரல் எழுதுகிறீர்கள். பெருந்தீயிலிருந்து பிழைத்தவர்களிடம் உட்கார்ந்து பேசிய ஆய்வாளர்கள் கண்டது வேறு.

1973-இல் மேன் தீவில் சம்மர்லேண்ட் பொழுதுபோக்கு மையம் எரிந்தது. 50 பேர் இறந்தார்கள். ஜொனதன் சைம் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களை அலசினார். குடும்பத்தோடு இருந்தவர்கள் குடும்பமாகவே நகர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பிரிந்து இருந்த பெற்றோர் வாசலை நோக்கிப் போகவில்லை, பிள்ளைகளைத் தேடிக் கூட்டத்துக்கு எதிராகப் போனார்கள். உங்கள் நிலையான புலத்தில் அந்தத் தாய்க்கு இடமே இல்லை. அவளுக்கு வெளியேறும் வழி என்பது பிள்ளை நிற்கும் இடம்.

2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளில் சுரங்க ரயிலில் சிக்கியவர்களைப் பற்றி ஜான் ட்ரூரியும் உடன் ஆய்வாளர்களும் எழுதியதைப் படியுங்கள். முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் கட்டுப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், வரிசையில் வழி விட்டிருக்கிறார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1968-இல் லட்டானேயும் டார்லியும் செய்த சோதனை. ஒரு மாணவரை அறையில் உட்கார்த்திப் படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். சுவரில் உள்ள துவாரம் வழியாகப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூடவே எதையும் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டிருக்கும் இரண்டு ஆட்களை வைத்தபோது 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டும் புகையைக் கையால் விலக்கிக்கொண்டும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். உங்கள் 400 பேரும் முதல் நொடியிலேயே எழுந்து நடக்கிறார்கள் அல்லவா? அங்கேதான் உங்கள் 92 வினாடி பொய்க்கிறது.

மூன்றாம் வரிசை

மனிதர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நிறுவிவிட்டீர்கள், மகிழ்ச்சி. அப்படியானால் 1903-இல் சிகாகோவின் இராக்வாய் தியேட்டரில் 602 பேர் எப்படிச் செத்தார்கள்? 1942-இல் பாஸ்டன் கோகோனட் குரோவில் 492 பேர்? கதவுக்குப் பின்னால் குவிந்து கிடந்த உடல்களைப் பற்றி அன்றைய நாளிதழ்கள் எழுதியதெல்லாம் கட்டுக்கதையா?

மனக்கணக்கு

உடல்கள் குவிந்தது உண்மை. ஏன் குவிந்தன என்பதில்தான் தகராறு. இராக்வாயில் பல வெளிவாசல்கள் பூட்டியிருந்தன அல்லது பார்வையாளர்களுக்குப் பழக்கமில்லாத தாழ்ப்பாள் போட்டிருந்தன. சில கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை. கோகோனட் குரோவின் முகப்பில் இருந்தது சுழல்கதவு. இரண்டு பக்கமும் ஆட்கள் தள்ள அது நின்றுவிட்டது. பக்கக் கதவு ஒன்று உள்பக்கம் திறப்பது. பின்னாலிருந்து கூட்டம் அழுத்தும்போது முன்னால் நிற்பவர் அதை எப்படி இழுப்பார்? சாந்தமே உருவான கூட்டத்தை அங்கே நிறுத்தினாலும், புகை பின்னால் வந்துகொண்டிருந்தால், முடிவு பெரிதாக மாறியிருக்காது. பீதி என்று எழுதிவிட்டால் கட்டடக்காரர் தப்பித்துவிடுகிறார். செத்தவர்கள் தலையில் பழி விழுகிறது. எனக்கு அந்த மாறி மேல் கோபம் வருவதற்கு அதுவே காரணம்.

மூன்றாம் வரிசை

கதவு பற்றிய வாதம் சரி. உத்தமர்கள் பற்றியது இன்னும் சரியென்று படவில்லை. கடைசி நிமிடத்தில், அனல் முதுகைச் சுடும்போது, யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள்.

தீத்தடுப்பு

தீப் பாதுகாப்புப் பொறியியலில் நெடுங்காலம் இருப்பவன். நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள், நான் நுண்கட்டத்திடம் பேசுகிறேன்.

தம்பி, முதலில் கணினியை மூடிவிட்டுத் தாளில் கணக்குப் போடுங்கள். எங்கள் துறையின் கையேட்டில் ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. நடைவேகம் = 1.4 × (1 − 0.266 × அடர்த்தி). அடர்த்தி என்பது ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர். வேகத்தை அடர்த்தியால் பெருக்கினால் ஒரு மீட்டர் அகலத்தில் வினாடிக்கு எத்தனை பேர் போகலாம் என்று வரும். அதன் உச்சம் அடர்த்தி 1.9 அளவில் இருக்கும்போது கிடைக்கிறது: மீட்டருக்கு வினாடிக்கு 1.32 பேர். கதவின் முழு அகலத்தையும் எடுக்கக்கூடாது. யாரும் நிலைச்சட்டத்தை உரசிக்கொண்டு போவதில்லை என்பதால் இரு பக்கமும் 15 செ.மீ. கழிக்க வேண்டும். உங்கள் 1.2 மீட்டர் கதவு 0.9 ஆகிறது. ஒரு கதவுக்கு வினாடிக்கு 1.19 பேர், இரண்டுக்கும் 2.38. 400 பேருக்கு 168 வினாடி.

உங்கள் நிரல் 92 சொல்கிறது. அதாவது முழு அகலத்துக்கு மீட்டருக்கு 1.8 பேர். அபத்தமான எண் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் இளைஞர்களை வைத்து நடத்திய சோதனைகளில் குறுகிய வழியில் 1.9 வரை அளந்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் அரங்கில் எல்லாரும் இருபது வயதுக்காரர்கள், எவர் கையிலும் குழந்தை இல்லை, ஊன்றுகோல் இல்லை என்று நீங்கள் சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். அதை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்களா?

அடுத்தது கதவுத் தேர்வு. இரண்டு கதவுக்கும் சரிபாதிப் பேர் போவதாக உங்கள் புலம் பிரித்துவிடுகிறது. நடப்பில் பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த வழியைத்தான் நாடுவார்கள். 2003-இல் ரோட் தீவில் ஸ்டேஷன் இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலோர் முகப்பு வாசலுக்குத்தான் போனார்கள், தீப்பிடித்து இரண்டு நிமிடம் ஆவதற்குள் அந்த வாசல் அடைத்துவிட்டது. உங்கள் அரங்கில் மூன்றில் இரண்டு பங்கினர் முகப்பை நாடினால் 267 பேர் ஒரே கதவில். 224 வினாடி. மற்றக் கதவு 112 வினாடியில் வேலையை முடித்துவிட்டுச் சும்மா நிற்கும். பீதி மாறியைத் தொடாமலே நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது பாருங்கள்.

இனி மனக்கணக்கு சொன்ன தாமதம். மணி அடித்ததற்கும் முதல் அடி எடுத்து வைப்பதற்கும் இடையிலான நேரம். நண்பரைத் தேடுவது, பையை எடுப்பது, "இது சோதனை ஒலியாக இருக்கும்" என்று காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். 400 பேரும் ஒரே நேரத்தில் எழுந்தால் கதவுதான் ராஜா. 4 நிமிடத்துக்குள் சீராகப் பரவி எழுந்தால் வினாடிக்கு 1.67 பேர்தான் கதவுக்கு வருகிறார்கள். கதவுகளின் திறன் 2.38. வரிசையே உருவாகாது! அந்த நிலையில் கதவை ஒன்றரை மீட்டராக அகலப்படுத்தினாலும் ஒரு வினாடி மிச்சமாகாது. ஒழுங்கான குரல் அறிவிப்பு வைத்துத் தாமதத்தைப் பாதியாக்கினால் ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம்.

அதே நேரத்தில் ஒரு கதவு புகையால் அடைபட்டது என்று வையுங்கள். வருவது 1.67, போவது 1.19. 240-ஆவது வினாடியில் 114 பேர் கதவடியில் நிற்பார்கள். அவர்கள் போக இன்னும் 96 வினாடி. இப்போது கதவு அகலம் மறுபடி உயிர் போகும் விஷயமாகிவிட்டது. சிமுலேஷன் எழுதுவதன் பயன் இந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது என்று பார்ப்பதில் இருக்கிறது.

நுண்கட்டம்

மிக்க நன்றி ஐயா. தாமதத்துக்கு எந்தப் பரவலை எடுப்பது? எல்லாருக்கும் ஒரே எண் கொடுத்தால் வெறுமனே கடிகாரத்தைத் தள்ளி வைப்பது போல் ஆகிவிடுகிறதே.

தீத்தடுப்பு

ஒரே எண் கூடாது. மடக்கை இயல்நிலைப் பரவலைப் பலரும் எடுக்கிறார்கள். பெரும்பாலோர் ஓரளவு சேர்ந்து எழுவார்கள், சிலர் வெகுநேரம் இழுப்பார்கள். அந்த நீண்ட வால்தான் முக்கியம். வாலின் நீளம் எச்சரிக்கை எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது. கிலேன் ப்ரூவும் சைமும் இங்கிலாந்தின் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் சோதித்தார்கள். மணி மட்டும் ஒலித்தபோது மக்கள் அசையவே நெடுநேரம் ஆனது. என்ன நடந்தது, எங்கே போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொன்னபோது விரைவாக நகர்ந்தார்கள். எனவே இரண்டு பரவல்களை எடுத்து இரண்டையும் ஓட்டிக் காட்டுங்கள். புகையையும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ஜப்பானின் டடஹிசா ஜின் செய்த நடைச் சோதனைகளைத் தேடுங்கள். கண் எரியும் புகையில் நடைவேகம் சட்டென்று சரிகிறது.

கப்பல் தளம்

பயணிகள் கப்பல்களின் வெளியேற்றப் பகுப்பாய்வு செய்கிறேன். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டுதலில் மென்பொருளைச் சோதிக்கச் சின்னச் சின்னப் பரீட்சைகள் இருக்கின்றன. கட்டடக்காரர்களும் அவற்றை எடுத்தாளுகிறார்கள். உங்கள் நிரலுக்கு மூன்று போதும்.

முதலாவது நகைப்புக்கு இடமானது போல் தோன்றும். 2 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளத் தாழ்வாரம். ஒரே ஆள், வினாடிக்கு 1 மீட்டர். 40 வினாடியில் மறுமுனை சேர வேண்டும். சேர்ந்துவிடுவார். பிறகு அதே தாழ்வாரத்தை 45 பாகை திருப்பி வைத்து ஓட்டிப் பாருங்கள். இந்தத் திருப்பல் வழிகாட்டுதலில் இல்லை, என் சொந்தச் சேர்க்கை. கட்ட முறையில் எழுதுபவர்கள் எல்லாரிடமும் கேட்பேன். உங்கள் ஆட்கள் மேல், கீழ், இடம், வலம் மட்டும் நகர்வார்கள் என்றால் 40 மீட்டர் நேர்கோடு 56 மீட்டருக்கு மேற்பட்ட படிக்கட்டுப் பாதையாகிவிடும். அரங்கத்தைக் கொஞ்சம் சாய்த்து வரைந்தாலே மக்கள் மெதுவாக நடப்பார்கள்!

இரண்டாவது: 8 மீட்டருக்கு 5 மீட்டர் அறை, 100 பேர், 1 மீட்டர் கதவு. வெளியேற்றம் வினாடிக்கு 1.33 பேரைத் தாண்டக்கூடாது. இங்கேயும் உங்களுக்கு ஒரு சிக்கல். 40 செ.மீ. கட்டத்தில் 1 மீட்டர் கதவு வராது. 80 அல்லது 120 தான் வரும். எதை எடுத்தாலும் அதைக் குறிப்பிடுங்கள்.

மூன்றாவது: 20 பேர் ஒரு மூலையைச் சுற்றித் திரும்ப வேண்டும். சுவருக்குள் யாரும் நுழையக்கூடாது. கட்ட முறையில் இது தானாகவே தேறிவிடும். விசை மாதிரி எழுதுபவர்களுக்குத்தான் ஆள் சுவரை ஊடுருவிக்கொண்டு போகும் அற்புதக் காட்சிகள் கிடைக்கும்.

இன்னொன்று. ஒரே ஓட்டத்தின் விடையை யாரும் ஏற்க மாட்டார்கள். தற்செயல் எண்களை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி, விடைகளை வரிசைப்படுத்தி, 95-ஆவது சதமானத்தில் வரும் நேரத்தை, அதாவது நூறு ஓட்டங்களில் 95 எந்த நேரத்துக்குள் முடிகின்றனவோ அதை, எடுப்பது எங்கள் வழக்கம்.

மூன்றாம் வரிசை

இந்தப் பரீட்சைகள் எல்லாம் நிரல் தன்னோடு தான் ஒத்துப்போகிறதா என்று பார்க்கின்றன. உலகத்தோடு ஒத்துப்போகிறதா என்று யார் பார்த்தது?

விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சிமுலேஷன் கூட இல்லை, உண்மையான ஆட்களை வைத்தே சோதிக்கிறார்கள். பாதி வாசல்களை மூடிவிட்டு, இருட்டில், 90 வினாடிக்குள் எல்லாரும் இறங்க வேண்டும். 2006-இல் ஏர்பஸ் ஏ380-இல் 873 பேர் 78 வினாடியில் இறங்கினார்கள். கைதட்டல். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 எரிந்தது. 379 பேரும் பிழைத்தார்கள், பெருமைதான். ஆனால் 8 வாசல்களில் 3 மட்டுமே பயன்பட்டன, கடைசி ஆள் இறங்க 18 நிமிடம் ஆனது. 90 வினாடி எங்கே, 18 நிமிடம் எங்கே? நிஜ ஆட்களை வைத்த சோதனையே இந்த லட்சணம் என்றால், கட்டத்துக்குள் புள்ளி நகர்த்தி எடுத்த 92-க்கு என்ன மதிப்பு? கட்டடம் எப்படியும் கட்டத்தான் போகிறார்கள். சான்றிதழுக்கு ஒரு வண்ணப் படம் வேண்டும். அதற்குத்தான் இது.

தீத்தடுப்பு

வண்ணப் படம் காட்டிப் படிக்கட்டைக் குறைக்கச் சொன்ன ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன், அதில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

ஹனேடாவை மட்டும் தவறாக வாசிக்கிறீர்கள். அங்கே அறிவிப்பு ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியாலும் தொண்டையாலும் சொன்னார்கள். எந்த வாசலுக்கு வெளியே தீ இல்லை என்று பார்த்த பிறகே திறந்தார்கள். 18 நிமிடத்தில் பெரும் பகுதி நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் அதே தாமதம்; சறுக்குப் பாதையில் இறங்கும் வேகம் அல்ல. 90 வினாடிச் சோதனை வாசல்களின் திறனை அளக்கிறது. மற்றதை அளக்க அது எழுதப்படவில்லை.

சிமுலேஷனின் மதிப்பு பற்றி: உலக வர்த்தக மையத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனம் செய்த ஆய்வைப் பாருங்கள். அன்று காலை இரு கோபுரங்களிலும் சேர்த்துச் சுமார் 17,400 பேர்தான் இருந்தார்கள். தாக்கிய தளங்களுக்குக் கீழே இருந்தவர்களில் ஏறத்தாழ 99 சதவீதம் பேர் தப்பினார்கள். கோபுரங்கள் நிரம்பியிருந்தால்? இந்தக் கேள்வியை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. கணக்கில் பார்த்தார்கள். படிக்கட்டுகள் போதாமல் சுமார் 14,000 பேர் இறந்திருப்பார்கள் என்று வந்தது. அந்த எண் ஆயிரம் இரண்டாயிரம் இப்படி அப்படி இருக்கலாம். படிக்கட்டு போதாது என்பது இருக்காதா? தப்பியவர்களில் சுமார் 1,000 பேருக்கு அறுவை சிகிச்சை, இதய நோய், ஆஸ்துமா, முதுமை, கர்ப்பம் என்று இறங்குவதைப் பாதிக்கும் ஏதோ ஒன்று இருந்தது என்பதும் அதே ஆய்வில் வெளிவந்தது. நுண்கட்டம் தன் 400 பேரில் இவர்களையும் வைக்க வேண்டும்.

புதிய வாசகர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தென்கொரியத் தலைநகர் சியோலின் இட்டேவோன் சந்தில் 2022-இல் நடந்தது போன்ற நெரிசலை இதே நிரலில் ஓட்டிப் பார்க்க முடியுமா? கதவுக்கு முன்னால் ஒரு தூணை நட்டால் நெரிசல் குறையும் என்றும் எங்கோ படித்தேன்.

சமன்பாடு

முடியாது, ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், இது அடிக்கடி கலந்துபோகும் இடம்.

தீத்தடுப்பு கொடுத்த சூத்திரத்தைப் பாருங்கள். அடர்த்தி 3.8-ஐத் தொடும்போது வேகம் பூஜ்யம். நுண்கட்டத்தின் தரையில் ஒரு கட்டம் 0.16 சதுர மீட்டர்; எவ்வளவு அடைத்தாலும் 6.25 பேருக்கு மேல் வராது, அதுவும் ஒருவர் மேல் ஒருவர் அழுத்தாமல் தத்தம் கட்டத்தில் அமைதியாக நிற்பார்கள். நிஜத்தில் ஆள் கொல்லும் நெரிசல் இந்த எல்லைக்கு அருகிலும் அதற்கு அப்பாலும்தான் இருக்கிறது. ஜான் ஃப்ரூயின் நெடுநாள் முன்பே எழுதினார்: சதுர மீட்டருக்கு 7 பேர் அளவில் கூட்டம் கிட்டத்தட்டத் திரவமாகிவிடுகிறது, அதிர்வலை ஆட்களைத் தரையிலிருந்து தூக்கி மீட்டர் கணக்கில் நகர்த்துகிறது. அங்கே சாவு மிதிபட்டு வருவதில்லை. பெரும்பாலும் நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய முடியாமல் மூச்சடைத்து வருகிறது.

2006-இல் ஹஜ் பயணத்தின்போது மெக்கா அருகே மினாவில் 346 பேர் இறந்த விபத்தின் காணொளியை ஹெல்பிங்கும் மற்றவர்களும் அலசியபோது, முதலில் சீரான ஓட்டம், பிறகு நின்று நின்று நகரும் அலைகள், கடைசியில் எல்லாத் திசையிலும் கொந்தளிப்பு என்று வரிசையாகத் தெரிந்தது. 2010-இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் லவ் பரேட் இசை விழாவில் 21 பேர் இறந்ததும் இப்படித்தான். ஓடுவதற்கு அங்கே இடமே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த அளவீடு அண்மையது. ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் சான் ஃபெர்மின் விழாத் தொடக்கத்துக்குச் சதுக்கம் நிரம்பும். டெனி பார்தோலோவின் குழு மேலிருந்து படம் பிடித்து 2025-இல் நேச்சரில் எழுதியது. அடர்த்தி சதுர மீட்டருக்குச் சுமார் 4 பேரைத் தாண்டியதும், யாரும் தள்ளாமலே, நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக வட்டமிட்டு ஊசலாடத் தொடங்குகிறார்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 18 வினாடி. டூயிஸ்பர்க் படங்களிலும் இதே ஊசல் தெரிந்தது. அதாவது கேமராவில் அந்த ஊசலைக் கண்டால் எச்சரிக்கலாம். இட்டேவோனில் 159 பேர் இறந்தார்கள். நெரிசல் பற்றிய முதல் அவசர அழைப்பு மாலை 6.34-க்கே வந்தது, பேரழிவு இரவு 10.15 வாக்கில். அங்கே தேவைப்பட்டது வெளியேற்ற நேரம் கணக்கிடும் நிரல் அல்ல, சந்துக்குள் நுழைபவர்களை நிறுத்துவது.

தூண்: 2000 கட்டுரையில் கதவுக்கு முன் சற்று ஒதுக்கி வைத்த தூண் அழுத்தத்தைப் பிரித்து வெளியேற்றத்தை மேம்படுத்தியது. பிறகு வந்த சோதனைகளில் விளைவு தூணின் இடத்தையும் அளவையும் பொறுத்து இரண்டு பக்கமும் சாய்கிறது. நானாக இருந்தால் கதவுக்கு முன் எதையும் நட மாட்டேன்.

நெறியாளர்

நெரிசல் அளவீடு பற்றி மேலும் பேச விரும்புவோர் தனி இழை தொடங்குங்கள். பீதி பற்றிய தனிப்பட்ட தாக்குதல் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

மனக்கணக்கு

ஒன்று என்னுடையது. நீக்கியது சரிதான், கருத்து மாறவில்லை.

நுண்கட்டம்

எல்லாருக்கும் நன்றி. இதுவரை செய்தவை: மாறும் புலத்தின் வலுவை வழிகாட்டும் பலகை தெரியாத நிலைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன். எட்டுத் திசை நகர்வு சேர்த்து, மூலைவிட்ட அடிக்குக் கூடுதல் நேரம் கொடுத்த பிறகு, திருப்பிய தாழ்வாரத்தில் ஆள் நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார். மெதுவாக நடப்பவர்களையும் ஒன்றாகவே நகரும் சிறு குழுக்களையும் சேர்த்தேன். குழுவில் ஒருவர் பின்தங்கினால் மற்றவர்கள் நிற்கிறார்கள். கதவருகே அப்படி நின்றால் பின்னால் வருபவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். இது நான் எதிர்பாராத அளவுக்கு நேரத்தை இழுக்கிறது.

மணி மட்டும் ஒலிக்கும் பரவலில் கதவை மூன்று கட்டத்திலிருந்து நான்கு கட்டமாக அகலப்படுத்தினால் மொத்த நேரம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. குரல் அறிவிப்புப் பரவலில், எல்லாரும் நெருக்கமாக எழுவதால், கதவடியில் வரிசை உருவாகி அகலம் பேசத் தொடங்குகிறது. ஐயா கணக்கில் சொன்னதேதான்.

வழிகாட்டியிடம் பீதி மாறி இல்லாமல் எப்படிக் கொடுப்பது என்பதுதான் இப்போது கவலை.

மூன்றாம் வரிசை

அவருக்கு ஒரு மாறிதானே வேண்டும்? போக விரும்பும் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு வரைபடம் போட்டுக் கொடுங்கள். அச்சில் "விரும்பும் வேகம்" என்று எழுதுங்கள். நான் கூட அதை ஏற்பேன்.

சமன்பாடு

அதில் ஒரு சிக்கல். கட்ட முறையில் உராய்வு கிடையாது. விரைந்தால் தாமதம் என்ற விளைவு தானாக வராது. ஒரே கட்டத்துக்கு இருவர் போட்டியிடும்போது குறிப்பிட்ட நிகழ்தகவில் இருவருமே நகர முடியாமல் போக வேண்டும் என்ற விதியைக் கிர்ஷ்னரும் ஷாட்ஷ்னைடரும் சேர்த்திருக்கிறார்கள். அதைச் சேர்த்துவிட்டு வரைபடம் போடுங்கள்.

தீத்தடுப்பு

அறிக்கையில் இரண்டு நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: மக்கள் வெளியேறத் தேவைப்படும் நேரம், புகையும் வெப்பமும் தாங்க முடியாத நிலைக்கு வர ஆகும் நேரம். இரண்டாவது நேரம் தீயும் புகையும் பரவுவதைக் கணக்கிடும் தனி மாதிரியிலிருந்து வர வேண்டும். உங்களிடம் அது இல்லை என்றால் 95-ஆவது சதமானத்தை எழுதிவிட்டு "பாதுகாப்பானது" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

முகப்புக் கதவு அடைபட்ட ஓட்டத்தைத் தனி அத்தியாயமாகப் போடுங்கள், பின்னிணைப்பில் ஒளிக்க வேண்டாம். கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்று உங்கள் வரைபடத்தில் எங்கும் காணவில்லை, அதையும் குறித்துவிட்டு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.